மாத மளிகையில் வரும் வாசனை: எதை எடுக்கலாம், எதை விடலாம்

ஒரு வீட்டின் மாத மளிகை லிஸ்ட்டில் மணக்கிற சாமான்களை மட்டும் தனியே எடுத்து வைத்தால் பத்துப் பதினைந்து உருப்படி தேறும். குளியல் சோப், ஷாம்பு, பவுடர், பாடி ஸ்பிரே, சலவைப் பொடி, துணி அலசும்போது ஊற்றுகிற கண்டிஷனர், பாத்திரம் தேய்க்கும் லிக்விட், பினாயில், ரூம் ஸ்பிரே, ஊதுவத்தி, கப் சாம்பிராணி, கற்பூரம், பாச்சை உருண்டை, கொசுவத்திச் சுருள். தனித்தனியே பார்த்தால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான். ஏசிக்காக ஜன்னலைச் சாத்திய அறைக்குள் எல்லாம் ஒன்றாகச் சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

இங்கே பிராண்டுகளுக்கு மார்க் போடவில்லை. ஒரே கம்பெனியின் ரோஸ் கலர் பாட்டிலில் இருக்கும் வாசனைக் கலவை வேறு, நீலக் கலர் பாட்டிலில் இருப்பது வேறு. பெயரை நம்பி வாங்க முடியாது. அதனால் சாமான் வகையை வைத்தே மதிப்பிட்டிருக்கிறோம். பார்த்த விஷயம் மூன்று: இந்த வாசனை தண்ணீரோடு போய்விடுகிறதா, தோலிலோ துணியிலோ தங்குகிறதா, எரிந்து புகையாகி நெஞ்சுக்குள் போகிறதா. முதல் வகைக்குக் கொஞ்சம் தாராளம் காட்டலாம். கடைசி வகைக்குக் கறார் வேண்டும்.

‘இயற்கை’ என்று அட்டையில் போட்டிருப்பதற்குத் தனி மதிப்பெண் கொடுக்கவில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெயில் இருக்கும் லிமோனீனும் லாவெண்டரில் இருக்கும் லினலூலும் காற்றுப் பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறும். தோல் அலர்ஜியைக் கிளப்புவதில் இவை பேர்போனவை. பாதி தீர்ந்து ஒரு வருடமாக அலமாரியில் கிடக்கிற எண்ணெய்ப் புட்டி, புதிதாய்த் திறந்ததைவிட மோசம். செடியிலிருந்து வந்ததா, ஃபேக்டரியிலிருந்து வந்ததா என்று மூலக்கூறு ஜாதகம் பார்ப்பதில்லை.

புகைகிறவற்றில் தொடங்குவோம். கொசுவத்திச் சுருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடுகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடுகிற அளவுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. மூடிய அறைக்கு ஆகவே ஆகாது. அதைவிடக் கவலை தருவது, பெட்டிக்கடைகளில் ஊதுவத்தி மாதிரியே கிடைக்கிற கொசு ஊதுவத்தி. பூச்சிமருந்து சேர்ந்த எந்தப் பொருளும் 1968-ன் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். அட்டையில் பதிவு எண்ணும், டைமன் வடிவக் கட்டத்தில் எச்சரிக்கை நிறமும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ‘மூலிகை’ என்று மட்டும் போட்டு, பற்றவைத்த பத்து நிமிடத்தில் கொசு சுருண்டு விழுந்தால் அது மூலிகையின் வேலையாக இருக்க வாய்ப்பில்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கொசுவலைதான்.

ஊதுவத்தியில் இரண்டு ரகம். ஒன்று மசாலா வத்தி: மூங்கில் குச்சியில் மரத்தூள், பிசின், வாசனைப் பொடி எல்லாவற்றையும் பிசைந்து உருட்டியது. பழுப்பாக, சொரசொரப்பாக இருக்கும்; பற்றவைக்காமல் முகர்ந்தால் மணம் மெதுவாகத்தான் வரும். இன்னொன்று கரித்தூளை ஒட்டிய வெறும் வத்தியைச் சென்ட்டில் முக்கி எடுத்தது. கன்னங்கரேலென்று வழுவழுப்பாக இருக்கும், பாக்கெட்டைப் பிரிக்கும் முன்னே மூக்கைத் துளைக்கும், உள்கவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். அந்தச் சென்ட்டை நீர்க்கவைக்க டைஎத்தில் தாலேட் சேர்ப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். தொழிலில் இதை டி.இ.பி. என்பார்கள். இரண்டு ரகமும் புகைதான், நுண்துகள்தான். ஆனால் சென்ட்டில் முக்கியெடுத்த வத்தியில் கரியோடு சென்ட்டும் அதைக் கரைத்த திரவமும் சேர்ந்து எரிகின்றன. வாங்குவதென்றால் மசாலா ரகத்தை வாங்குங்கள். முழுக் குச்சியும் எரிய வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு எரிந்ததும் மணல் கிண்ணத்தில் தலைகீழாகக் குத்தி அணைத்தால் வாசனை அரைமணி நேரம் நிற்கும், புகை அத்தோடு நிற்கும். ஆஸ்துமா, வீசிங் உள்ளவர் வீட்டில் இருந்தால் இந்தச் சலுகையும் கிடையாது. சாமிக்கு ஒரு முழம் பூ போதும்.

கப் சாம்பிராணியையும் கம்ப்யூட்டர் சாம்பிராணியையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இவற்றைத்தான் ஜனங்கள் ‘பாட்டி காலத்துச் சாமான்’ என்று நம்பி வாங்குகிறார்கள். பாட்டி காலத்துச் சாம்பிராணி ஒரு மரத்தின் பிசின். தணலில் ஒரு சிட்டிகை தூவினால் உருகி வெண்புகை விடும். இன்றைய கப்பில் அந்தப் பிசின் நடுக்குழியில் ஒரு கரண்டிதான், சிலவற்றில் அதுவும் பெயருக்குத்தான். சுற்றுச்சுவர் மொத்தமும் அழுத்திய கரித்தூளும் மரத்தூளும். ஓரத்தில் பற்றவைத்ததும் முதலில் வருவது சாம்பிராணிப் புகை அல்ல, கரி பிடிக்கிற புகை. கண் எரிவதும் தொண்டை கமறுவதும் அப்போதுதான். கம்ப்யூட்டர் சாம்பிராணி என்கிற கட்டியில் பல சமயம் பிசினே இல்லாமல் சென்ட் மட்டும் இருக்கும்.

பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் வழி இது. கப்பை மாடியிலோ பால்கனியிலோ பற்றவைத்து, ஓரம் முழுக்கச் சாம்பல் பூத்து, சுடர் இல்லாமல் சிவந்த தணலாக நிற்கும்வரை விடுங்கள். அதன்பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். எதிரெதிராக இரண்டு ஜன்னல் திறந்திருக்கட்டும். அறை அறையாகக் காட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் மறுபடி வெளியே வைத்துவிடுங்கள், உள்ளேயே எரிந்து தீர விடாதீர்கள். தூபக்காலில் தேங்காய்ச் சிரட்டைக் கரி போடுபவர்களுக்கும் இதேதான்: தணல் செக்கச்செவேல் என்று இருக்கும்போதே பிசினைப் போட்டால் கருகி நாறும், மேலே வெள்ளைச் சாம்பல் படர்ந்தபிறகு போட்டால்தான் மணக்கும். கரி எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. சாம்பிராணி மணத்தில் அது இருப்பதே தெரியாது.

கைக்குழந்தையைக் குளிப்பாட்டித் தலை காயச் சாம்பிராணிப் புகை போடுவது நம் வீடுகளில் இன்னும் உண்டு. இதற்குப் பூஜ்யம்தான். பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்தால் அந்தத் தலைமுடி ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். சின்ன நெஞ்சு வேகமாக மூச்சு இழுக்கும். அந்தப் புகையைத் தாங்காது. பெரியவர்கள் மனம் கோணக்கூடாது என்றால் வேறு அறையில் காட்டி, புகை முழுக்கக் கலைந்தபிறகு பிள்ளையை அங்கே தூக்கிப் போகலாம்.

கற்பூரத்தில் பார்க்க வேண்டியது கலப்படம். நல்ல கற்பூரம் தண்ணீரில் கரையாது, மிதக்கும். ஒரு வில்லையைத் தம்ளர் தண்ணீரில் போட்டு நன்றாகக் கலக்கிப் பத்து நிமிடம் பாருங்கள். கரைந்து தேய்ந்துகொண்டே போனால் அதில் ஹெக்சமீன் கலந்திருக்க வாய்ப்பு உண்டு; அது தண்ணீரில் சுலபமாகக் கரையும். திறந்து வைத்த தட்டில் கற்பூரம் தானாகவே காற்றில் கரைந்து குறைய வேண்டும், எரித்தால் அடியில் கட்டி மிஞ்சக் கூடாது. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு: சின்னத் துண்டு கற்பூரம் குழந்தையின் வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரலாம். பிரசாதத்தில் போடுகிற பச்சைக் கற்பூரம் டப்பாவும் கைக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும். சளிக்கு என்று கற்பூரத் தைலத்தை இரண்டு வயதுக்குக் கீழே எங்குமே தடவக் கூடாது; மூக்குக்குள் தடவுவது எந்த வயதிலும் கூடாது.

பாச்சை உருண்டை, அந்துருண்டை, ரசகற்பூரம், எந்தப் பெயரில் கேட்டாலும் பல கடைகளில் வருவது நாப்தலீன். மிட்டாய் மாதிரி வெள்ளையாக இருப்பதால் தவழுகிற பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இது இரத்தச் சிவப்பணுவையே உடைத்துவிடும். உருண்டையோடு பெட்டியில் கிடந்த கம்பளியைப் போர்த்தியதாலேயே அப்படி ஆன சம்பவங்கள் மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2பி பட்டியலில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற வரிசையில், வைத்திருக்கிறது. இதைக் கொண்டுபோய்க் கைகழுவும் தொட்டியில் போடுகிற பழக்கம் எப்படி வந்ததோ! பூச்சிக்காக என்றே செய்த சாமான் அது. காற்றுப் புகாத டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும்வரைதான் அதற்கு வேலை, திறந்த இடத்தில் வைத்தால் பூச்சி போகாது, வாடை மட்டும் நம் மூக்கில் ஏறும். பட்டுப்புடவை வைக்கிற பீரோவுக்கு வேறு வழி இருக்கிறது: கஞ்சியும் வியர்வையும் போகத் துவைத்து அல்லது டிரை வாஷ் கொடுத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வைப்பது. பூச்சி வருவது பெரும்பாலும் கஞ்சிக்கும் அழுக்குக்கும்தான். காய்ந்த வேப்பிலையும் வெட்டிவேரும் பொட்டலமாகக் கட்டி வைக்கலாம். ஓரளவு உதவும், பூச்சியை அடியோடு ஒழிக்காது. ஈரம் மிச்சமிருந்தால் அதுவே பூஞ்சை பிடித்துப் புடவையைக் கறையாக்கும். உருண்டை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் பெட்டியிலிருந்து எடுத்த துணியை ஒரு முழு நாள் வெளிக்காற்றில் விரித்துப் போட்டு, துவைத்தபிறகே குழந்தைக்கு.

ரூம் ஸ்பிரே, பிளக்கில் செருகுகிற வாசனைப் புட்டி, காரில் தொங்குகிற அட்டை: எதற்கும் பரிந்துரை இல்லை. ஸ்பிரே டப்பாவில் அழுத்தம் தருவது பெரும்பாலும் எரிவாயு. விளக்கு எரிகிற பூஜையறைப் பக்கம் அடிக்கவே கூடாது. பாத்ரூம் நாற்றத்துக்காக இதை வாங்குபவர்கள் முதலில் தரையில் இருக்கிற நானி டிராப்பைப் பார்க்கட்டும். அந்தக் கிண்ணத்தில் தேங்கி நிற்கிற தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கிறது. யாரும் குளிக்காத விருந்தினர் பாத்ரூமில் அது வற்றிவிடும், நாற்றம் ஏறும். வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. ஊற்றியும் நாறினால் உள்ளே இருக்கிற மூடிக் கிண்ணத்தைக் கழற்றி முடியையும் சோப்பு அழுக்கையும் எடுக்க வேண்டும். கழற்றிய கிண்ணத்தைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவதுதான் வேலையாட்கள் அடிக்கடி செய்கிற தப்பு.

துணிக்கு வருவோம். கண்டிஷனர் துணியைச் சுத்தம் செய்வதில்லை. இழைமேல் ஒரு வழுவழுப்புப் பூச்சைப் படியவைக்கிறது, அதன்மேல் வாசனை ஒட்டிக்கொள்கிறது. ‘பல நாள் மணம்’ என்று விற்பவற்றில் வாசனை கண்ணுக்குத் தெரியாத குட்டி உறைகளுக்குள் அடைபட்டிருக்கும். துணி உரசும்போது உறை உடைந்து மணம் வரும். இந்த உறைகள் பிளாஸ்டிக் வகையாக இருந்தால் 2029 அக்டோபருக்குப்பின் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. நமக்கு இதில் பார்க்க வேண்டியது வேறு: சட்டையும் தலையணை உறையும் நாள் முழுக்கத் தோலில் உரசுகின்றன. சோப் இரண்டு நிமிடத்தில் கழுவிப் போகிறது, இது போவதில்லை. கழுத்துப் பட்டை, அக்குள், இடுப்புக் கயிறு கட்டும் இடம் ஆகியவற்றில் மட்டும் அரிப்பும் தடிப்பும் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சலவைப் பொருட்களைத்தான்.

துண்டுக்குக் கண்டிஷனர் ஊற்றவே கூடாது, தண்ணீர் உறிஞ்சாது. துணி விறைப்பாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் போர் தண்ணீரின் உப்பும், அலசிப் போகாத சலவைப் பொடியும்தான் காரணம். பொடியைக் குறைத்து, மெஷினில் ஒரு அலசலைக் கூட்டுங்கள். கடைசி அலசலில் கால் டம்ளர், அதாவது 50 மில்லி வெள்ளை வினிகர் ஊற்றினால் துணி மெத்தென்று வரும். காய்ந்ததும் வினிகர் வாடை இருக்காது. பிளீச் போட்ட துவையலில் மட்டும் வினிகர் கூடாது, குளோரின் வாயு வரும். தினமும் ஊற்றவும் வேண்டாம், மெஷினின் ரப்பருக்கு நல்லதில்லை. மழைக்காலத்தில் துணி மக்கல் வாடை அடிப்பதற்குச் சென்ட் மருந்தில்லை: முன்கதவு மெஷினின் ரப்பர் மடிப்பைத் துடைத்து, மாதம் ஒருமுறை காலி மெஷினை 60 டிகிரியில் ஓட்டி, துவைத்து முடிந்ததும் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

தரைக்கு வெள்ளைப் பினாயில் என்றால் பாட்டிலில் சொன்ன அளவே போதும். தண்ணீர் பால் மாதிரி ஆகும்வரை ஊற்றுவது நம் ஊர் வழக்கம். அந்த மிச்சம்தான் தரையில் பிசுபிசுப்பாக நின்று தூசியைப் பிடிக்கிறது, தவழும் பிள்ளையின் உள்ளங்கையிலும் ஒட்டுகிறது. துடைத்தபின் வெறும் தண்ணீரில் இன்னொரு முறை துடையுங்கள். கறுப்புப் பினாயில் வீட்டுக்குள் வேண்டாம். பூனை வளர்ப்பவர்களுக்கு எந்தப் பினாயிலும் வேண்டாம், டீ ட்ரீ எண்ணெய் கலந்த தரைத் திரவமும் வேண்டாம். இந்த வகைச் சேர்மங்களைப் பூனையின் ஈரலால் சரியாகக் கழிக்க முடியாது, அதுவோ பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும். கழிப்பறை ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போட்டால் என்ன ஆகும் என்று மேலே வினிகருக்குச் சொன்னதே பதில், இங்கே இன்னும் வேகமாக வரும். வாசனை சேர்த்த ஆசிட் என்றால் அந்த வாயுவின் நெடி முதலில் மூக்குக்குத் தெரியாமல்கூடப் போகும். பாத்திர லிக்விட் பற்றிக் கவலை இல்லை. எலுமிச்சை வாசனை தண்ணீரோடு போகிறது, கை வெடிப்பு உள்ளவர்கள் கையுறை போட்டால் போதும்.

இனி தோல். ஒரு சாதாரண குளியல் சோப்பின் பின்னட்டை இப்படிப் போகும்: சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட், தண்ணீர், டால்க், பெர்ஃப்யூம், உப்பு, டைட்டானியம் டையாக்சைடு, நிறம். இந்தப் ‘பெர்ஃப்யூம்’ என்ற ஒற்றை வார்த்தைக்குள் பத்தும் இருக்கலாம், நூறும் இருக்கலாம். நம் நாட்டில் அதைப் பிரித்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. டி.எஃப்.எம். 76 சதவீதம், கிரேடு 1 என்பதைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் கவனிக்க: அது கொழுப்புச் சத்தின் அளவு மட்டும்தான், வாசனையைப் பற்றி அது வாயே திறக்காது. இறக்குமதிச் சோப்பில் பட்டியலின் வாலில் லினலூல், லிமோனீன், ஜெரானியால், கூமரின் என்று வரிசையாக வந்தால் பயந்து கீழே வைக்காதீர்கள். அலர்ஜி தரக்கூடிய 26 பொருட்களை, கழுவும் சாமானில் 0.01 சதவீதமும் பூசும் சாமானில் 0.001 சதவீதமும் தாண்டினால் பெயர் சொல்ல வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. 2023-ல் அந்தப் பட்டியலை 80-க்கு மேல் நீட்டினார்கள், சந்தைக்கு வரும் புதுச் சரக்குக்கு 2026 ஜூலை 31 கெடு. பெயர் சொல்லாத சோப்பிலும் அவையே இருக்கலாம். எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தவருக்குப் பெயர் சொல்கிற சோப்தான் உதவும்.

ஒரு பெயரைப் பார்த்தால் மட்டும் கீழே வைத்துவிடுங்கள்: பியூட்டைல்பீனைல் மெத்தில்புரோபியோனல், வழக்கில் லிலியல். இனப்பெருக்கத்துக்குக் கேடு என்று 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பாவில் தடை. பழைய சரக்கில் இன்னும் தென்படலாம்.

‘அன்சென்டட்’ என்பதும் ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் மூலப்பொருளின் வாடையை அமுக்க ஒரு வாசனையைச் சேர்த்திருக்கலாம். இரண்டாவதில் சேர்க்கக் கூடாது. எக்ஸிமா உள்ள குழந்தைக்கு இரண்டாவதுதான். ‘பத்து வருஷமா இதே சோப்புதான், ஒண்ணும் ஆகலையே’ என்பதும் செல்லாது. தொடர்ந்து பட்டுப் பட்டுத்தான் தோல் அலர்ஜி உருவாகிறது. ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் போவதில்லை. புதுச் சாமான் எதுவானாலும் முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவு, தினம் இருமுறை, 7 முதல் 10 நாள் தடவிப் பாருங்கள். சோப், ஷாம்பு என்றால் ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். இரண்டாம் நாளே விட்டுவிட்டு ‘ஒத்துக்கிச்சு’ என்று முடிவுகட்டினால் சோதித்ததில் அர்த்தமில்லை. இந்த வகை அலர்ஜி மெதுவாகத்தான் தலைகாட்டும்.

பவுடரை வேர்க்குருவுக்கு என்று அள்ளிப் பூசுவதால் அது ஆறாது, பிள்ளையின் மூக்கில்தான் தூள் ஏறும். அத்தர் வாங்குபவர்கள் விலையைப் பாருங்கள். நிஜ அத்தர் சந்தன எண்ணெயில் வடித்தது, ஐம்பது ரூபாய்க்கு வராது. அந்த விலையில் வருவது கரைப்பானில் கலந்த சென்ட். கழுத்தில் தடவாமல் பருத்தித் துணியின் உள்மடிப்பில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளலாம். பட்டிலும் சரிகையிலும் கறை பிடிக்கும். லாவெண்டர் மாதிரி வாசனை எண்ணெய்களைத் தோலில் தடவுவதென்றால் 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 6 சொட்டு, அதற்குமேல் வேண்டாம். குளிர்முறையில் பிழிந்த எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கொப்பளித்துக் கறுக்கும்.

இந்த மொத்தப் பட்டியலில் முழு மனதோடு பரிந்துரைக்கக்கூடியது நலங்கு மாவு. மணமும் தானே தருகிறது, தண்ணீரோடும் போய்விடுகிறது. பச்சைப்பயறு அரைக்கிலோவுக்குக் கடலைப்பருப்பு 100 கிராம், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, காய்ந்த ரோஜா இதழ், ஆவாரம்பூ தலா 50 கிராம், வெட்டிவேர் 25 கிராம். எல்லாவற்றையும் இரண்டு நாள் வெயிலில், கிழங்கு ‘டக்’கென்று உடையும்வரை காயவைக்க வேண்டும். வெட்டிவேரைக் கத்தரியால் அரை அங்குலத் துண்டுகளாக வெட்டாமல் கொடுத்தால் மில் பிளேடில் சுற்றிக்கொள்ளும், மில்காரர் திட்டுவார். காற்றுப் புகாத டப்பாவில் மூன்று மாதம் தாங்கும். ஈரக்கையை விட்டால் வண்டு வரும். பூ, கிழங்கு எதுவானாலும் அலர்ஜி வரலாம் என்பதால் முழங்கைச் சோதனை இதற்கும் உண்டு. குழந்தைக்குத் தூளாகத் தூவாமல் குழைத்துத்தான் தேய்க்க வேண்டும். அரைக்கக் கொடுக்கும்போது சீயக்காய் அல்லது அரிசி அரைத்த மெஷினா என்று கேட்டு, முதலில் ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டச் சொல்லுங்கள். மிளகாய் அரைத்த மெஷினில் அரைத்துவிட்டால் அன்றைய குளியல் கதறலில்தான் முடியும்.